ரெண்டு இஞ்ச்

முழங்கை மடிப்பிலிருந்து
ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும்
அளந்து சொல்லு என்றார், தம்மாமிலிருந்து.
கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தேன்.
பதினொன்றரை.
முசம்மில் கையை நீட்டியபடி நின்றான்,
சட்டைக்கு நிற்கிற மாதிரி இல்லை,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

வயசு பத்து.
முதலில் ஏர்கன், தகர டப்பா,
பிறகு கொக்கு, பிறகு
சாயல்குடிக் காட்டு மான் என்று
போனுக்குள் வரிசை சொன்னார்.
இவருடைய வாப்பாவின் ஒற்றைக்குழல்,
உடைமுள்ளுக்குள் குப்புறக் கிடந்த இரவு,
பிஸ்மி சொல்லி அமுக்கியது,
தெருவுக்கே பங்கு வைத்த கறி.
நிக்காஹ் ஆன வாரத்திலிருந்து கேட்கிறேன்.
ஒவ்வொரு தடவையும் அந்த மானின் கொம்பில்
ஒரு கிளை கூடுதலாக முளைக்கும்.

இப்பப் பிடிச்சா ஜெயில் மச்சான் என்றேன்.
முதல்ல தோள்ல வைக்கப் பழகட்டும் என்றார்.

ராம்நாடு அரண்மனைப் பக்கம்
பூப்பாண்டி அண்ணன் கடை.
சைக்கிள் பம்பு, தூண்டில் முள், பூட்டு.
மேலே ஆணியில் மூணு துப்பாக்கி.
"கனமா இருந்தா கை ஆடும்.
லேசா இருந்தா துப்பாக்கி ஆடும்."
நடுவிலிருந்ததை இறக்கிக் கொடுத்தார்,
மரக்கட்டை வைத்தது.
கட்டை அக்குளுக்குள் போய் முட்டியது.
கழுத்தை எட்டி நீட்டிக் குறி பார்த்தான்,
மூட வேண்டிய கண்ணைத் திறந்துகொண்டு.

கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும் அண்ணே,
வளர்ற பிள்ளை என்றேன்.
பதினாலு வருஷமாக
வலிநோக்கத்துப் பெண்கள் எல்லாரும்
என் மிஷினுக்கு முன்னால் நின்று சொன்னது.
நானும் ரெண்டு இஞ்ச் உள்ளே விட்டுத்தான்
தைத்துக் கொடுத்திருக்கிறேன்,
சீருடை, பெருநாள் சட்டை,
ஒரு தடவை மௌத்தான பிள்ளைக்கும்
தெரியாமல்.

பூப்பாண்டி அண்ணன் சிரிக்கவில்லை.
"டவுசர் இல்லம்மா இது.
இன்னைக்கு அளவுக்கு இருக்கணும்.
பெரிசை வச்சுத் தப்பாப் பழகுன உடம்பு
அப்புறம் திருந்தாது."

மரம் என்றால் அறுக்கலாமாம்.
அறுத்த துண்டை வைத்திருந்தால்
பிள்ளை வளர்ந்த பிறகு
ரெண்டு திருகாணி போட்டு
திரும்பப் பொருத்திக்கொள்ளலாமாம்.
ரம்பம் இறங்கும்போது
புதுப் பென்சில் சீவின வாசனை.
விலை பேச மறந்துபோனேன்.

பஸ்ஸில் அவன் மடியில் நீளப் பொட்டலம்.
என் பைக்குள் அந்தத் துண்டு,
நூல்கண்டுகளோடு உருண்டு உருண்டு.
ஏர்வாடி தாண்டியதும் உப்பளம் வந்தது.

போன சித்திரையில் ஒரு விடியக்காலம்
இங்கேதான் பார்த்தேன்.
கொம்பில்லாதது.
காலிச் சாக்கை நக்கிக்கொண்டிருந்தது.
நான் நின்றேன். அதுவும் தலையைத் தூக்கி நின்றது.
பழக்க தோஷம், கண் தன்னால் அளவெடுத்தது.
தோள் உயரம் இருபத்தெட்டு.
மார்பு முப்பது.
கழுத்து எடுப்பதற்குள்
பாத்திக்கு மேலே தாவிப் போய்விட்டது.
வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
எந்த இடம் என்று கேட்பார்கள்.

மூணாம் நாள் கொல்லையில்
பால்பவுடர் டப்பா கவிழ்ந்தது.
உம்மா உம்மா என்று ஓடிவந்தான்.
எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.
இன்னொரு டப்பா எடுத்துக் கொடுத்தேன்.

மிஷினுக்கு இடது கால் ஆட்டம்.
அந்த மூலையில் தரை இறங்கிவிட்டது.
அட்டை மடித்து வைத்தால்
ஒரு பாவாடை முடிவதற்குள் நசுங்கிவிடும்.
அந்தத் துண்டைப் படுக்கப் போட்டு,
சுத்தியலால் நாலு தட்டு தட்டி,
காலைத் தூக்கி வைத்தேன்.
ஒரு பக்கம் பிளந்துகொண்டது.
ஆனாலும் தாங்கியது.

வெள்ளிக்கிழமை போனில் கேட்டார்,
அந்தத் துண்டு பத்திரமா இருக்குல்ல?
யாருடைய பர்தாவையோ
மிதித்துத் தைத்துக்கொண்டே சொன்னேன்,
பத்திரம் மச்சான்.
அசையவே இல்லை.